சேஃப்டி மலையேறிய ஞாயிறு

வாழைப்பழம் சாப்பிடுவதில் இருக்கும் ஆபத்துகளைப் பற்றி அரை மணி நேரம் விடாமல் பேசக்கூடிய மனிதர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் கும்மிடிப்பூண்டியில், எங்கள் கம்பெனியில் இருந்தார். கேண்டீனில் ஆளுக்கொரு பழம் வைத்திருந்த ஒரு மதியம் அந்த உரையை நிகழ்த்தினார். தோலை எங்கே போடுவது, அதில் முதலில் வழுக்கப்போவது யார், முழுப் பழத்தையும் வாயில் திணித்தால் மூச்சு எந்த இடத்தில் அடைக்கும் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பழங்கள் கறுத்துவிட்டன. மீதிப் பழங்களைத் தொட யாருக்கும் தைரியமில்லை.

பெற்றோர் அவருக்கு ஒரு நல்ல பெயர் வைத்திருந்தார்கள். அது சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் ‘சேஃப்டி’. கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி என்பதால் வந்த பெயர். அவர் மனைவியே ஆபீசுக்குப் போன் செய்தால், “சேஃப்டி இருக்காருங்களா?” என்றுதான் கேட்பார். குள்ளமான உருவம், முன்னால் போகும் தொப்பை, தொப்பைமேல் ஊசலாடும் விசில். அவர் பேச்சில் ‘இருக்கலாம்’, ‘தெரியல’ போன்ற சொற்களுக்கு இடமே கிடையாது. தப்பான பஸ்ஸில் ஏறினாலும் சரியான பஸ்ஸில் ஏறியவனைவிட நிமிர்ந்து உட்காருவார்.

பெரியபாளையத்தில் எங்கள் சக ஊழியர் ஒருவருக்குக் கல்யாணம். மணவறையில் ஹோமப் புகையைப் பார்த்தார் சேஃப்டி. மேலே துணிப் பந்தல், சுற்றிலும் காகிதப் பூ. அடுத்த நிமிடம் எங்கிருந்தோ ஒரு சிவப்பு வாளியில் மணல் கொண்டுவந்து மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். ஐயர் முறைத்தார், அசையவில்லை. பெண்ணின் மாமா கெஞ்சினார், அசையவில்லை. அந்தத் தம்பதிக்கு இப்போது இரண்டு குழந்தைகள். கல்யாண ஆல்பத்தைப் பார்க்கும்போதெல்லாம், தாலி கட்டும் படத்தில் இருக்கும் அந்த சிவப்பு வாளி யாருடைய சீர் என்று குழந்தைகள் கேட்கிறார்களாம்.

அவர் வீடு வேப்பம்பட்டில். எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஏறினால் உட்காரமாட்டார். வாசலில் தொங்குபவர்களை ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு, “உள்ள வாய்யா, உள்ள வா” என்பார். ஒரு நாள் அவருடைய வெள்ளைச் சட்டையையும் அதட்டலையும் பார்த்து டிக்கெட் பரிசோதகர் என்று நினைத்துவிட்டார்கள். திருநின்றவூரில் ஒரு பெட்டி ஆட்கள் மொத்தமாக இறங்கி ஓடினார்கள். காலியான பெட்டியைத் திருப்தியோடு சுற்றிப் பார்த்துவிட்டு, “இப்படித்தான் இருக்கணும்” என்றார்.

இப்படிப்பட்டவரோடு நான் மலையேறினேன்.

போன வருஷம் எனக்கு நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். உடம்பு சீக்கிரம் தேறிவிட்டது. வீடுதான் தேறவில்லை. என் மனைவி விஜயா என்னைக் கண்ணாடிப் பாத்திரம்போலக் கையாண்டாள். குடத்தைத் தொட்டால் பிடுங்கினாள். மாடிக்குப் போனால் பின்னாலேயே வந்தாள். கம்பெனியிலும் அதே கதை. டெஸ்பாட்ச் செக்‌ஷனில் நான் ஒரு பேனாவைத் தூக்கினால் மூன்று பேர் ஓடிவந்தார்கள். கொஞ்ச நாளில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. திருவள்ளூர் ஸ்டேஷன் மேம்பாலப் படிக்கட்டின் கீழே நின்று, ஏறலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிய நாளும் உண்டு.

பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் சிரித்தார். “எல்லாம் நல்லா இருக்கு. தாராளமா நடங்க. மெதுவா மலையே ஏறலாம்” என்றார். அவர் பேச்சுவாக்கில் சொன்னார். நான் மலை என்ற வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஊத்துக்கோட்டைப் பக்கம் போகும்போதெல்லாம் ஆந்திர எல்லையில் நீலமாக ஒரு மலை வரிசை தெரியும். காப்புக்காடு, உள்ளே ஓடை, மேலே ஒரு குளம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அங்கே ஒரு நாள் ஏறி இறங்கிவிட்டால் நான் பழையபடி ஆகிவிடுவேன் என்று தோன்றியது.

கேண்டீனில் கேட்டேன். “ஞாயித்துக்கிழம மலைக்குப் போலாம்னு இருக்கேன். யாராவது கூட வரீங்களாப்பா?”

எல்லாரும் சாம்பாரைப் பார்த்தார்கள். அவ்வளவு அக்கறையாக அந்த சாம்பாரை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. மேலே போய் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்ற கவலை ஒவ்வொரு முகத்திலும் இருந்தது.

“நான் வரேன்” என்றது ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் சேஃப்டி.

வீட்டில் சொன்னபோது விஜயா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். “மலைக்கா? யார் கூட?”

“சேஃப்டி கூட.”

“அந்த அண்ணன் கூடவா?” முகம் மலர்ந்துவிட்டது. “அவரு கூடன்னா காசிக்கே போய்ட்டு வாங்க.”

ஞாயிறு காலை பைக்கில் வந்து இறங்கினார். மேலே ஆரஞ்சு நிறத்தில் பளபளக்கும் ஜாக்கெட். வண்டியில் எனக்கொன்று அவருக்கொன்றாக இரண்டு மஞ்சள் ஹெல்மெட்டுகள், கம்பெனியில் தலையில் மாட்டுகிற அதே ரகம். முதுகுப் பையில் கயிறு, டார்ச், உப்புச் சர்க்கரைப் பொட்டலம், பட்டப்பகலில் தேவைப்படாத இன்னும் பல பொருட்கள். விஜயாவிடமிருந்து ஒரு மாத்திரை அட்டையை வாங்கினார். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள டாக்டர் கொடுத்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துப் பட்டனும் போட்டுக்கொண்டார்.

“நானே வச்சிக்கிறேனேய்யா” என்றேன்.

“பேஷன்ட் கைல மருந்து இருக்கக்கூடாது. பதட்டத்துல கீழ போட்டுடுவான்” என்றார்.

அவர் ஓட்டிய வேகத்தில் எங்களை டிராக்டர் முந்தியது. பால்காரர் முந்தினார். ஊத்துக்கோட்டையில் நாஷ்டாவுக்கு நிறுத்தியபோது கேஸ் சிலிண்டர் எங்கே இருக்கிறது என்று முதலில் விசாரித்தார். பிறகு எங்கள் மேஜையைத் தானே இழுத்துக்கொண்டு போய்க் கிட்டத்தட்ட ரோட்டில் போட்டார். லாரிப் புகைக்கு நடுவே இட்லி சாப்பிட்டோம்.

காட்டு நுழைவாயிலில் வனக்காவலர் ஒருவர் சட்டைப் பட்டனைத் திறந்துவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். மஞ்சள் ஹெல்மெட், ஆரஞ்சு ஜாக்கெட், விசிலோடு ஒருவர் விறைப்பாக நடந்து வருவதைப் பார்த்ததும் எழுந்து பட்டன்களை மாட்டினார்.

“நமஸ்காரம் சார். இன்ஸ்பெக்‌ஷனுங்களா சார்?”

“ஆமா” என்றார் சேஃப்டி. அதில் பொய்யே இல்லை. அவருக்கு எங்கே போனாலும் இன்ஸ்பெக்‌ஷன்தான்.

“அப்டின்னா இந்தப் பசங்களையும் கூட்டிக்கினு போய்டுங்க சார். தனியா உட்டா குரங்கு கூட சண்டைக்குப் போறானுங்க.”

கேட்டுக்குப் பக்கத்தில் நாலைந்து கல்லூரி மாணவர்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் நீள முடி வைத்த ஒருவனும் கண்ணாடி போட்ட ஒரு பெண்ணும்தான் வாய் திறந்து பேசுகிறவர்கள். சேஃப்டியின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. எங்களை எல்லாம் ஒரு புளியமரத்தடிக்கு நகர்த்தி வரிசையாக நிற்க வைத்தார். கம்பெனியில் ஷிஃப்ட் தொடங்குமுன் அவர் தினமும் செய்கிற பிரசங்கம் தொடங்கியது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரும் வந்து கைகட்டி நின்றார்.

“எல்லாருக்கும் வணக்கம். யாராவது வழி தவறிப்போனா, நேரா இந்த மரத்தடிக்கு வந்துடணும். இதான் நம்ம அசெம்ப்ளி பாயிண்ட்.”

நீள முடி கை தூக்கினான். “அங்கிள், வழி தெரிஞ்சாதான மரத்துக்கு வர முடியும்?”

“நல்ல கேள்வி” என்றார் சேஃப்டி. “கடைசில பதில் சொல்றேன்.” இன்றுவரை சொல்லவில்லை.

ஏறத் தொடங்கினோம். ஓடையை ஒட்டிப் பாதை. உருண்டைப் பாறைகள், காய்ந்த மூங்கில், காதைத் துளைக்கும் சில்வண்டு. எனக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பத்தடி நடந்தால் விசில் ஊதினார்.

“உக்காரு.”

“எனக்கு இன்னும் மூச்சே வாங்கலய்யா.”

“வாங்கறதுக்கு முன்னாடியே உக்காரணும்.”

உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி விசில். ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்ப்பார், தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பார். அந்த நீள முடிக்காரன் பாவம், நல்ல எண்ணத்தில்தான் கேட்டான். “அங்கிளுக்கு இன்னா சார் ப்ராப்ளம்?”

“ஹார்ட் பேஷன்ட்” என்று காடே கேட்கும்படி அறிவித்தார் சேஃப்டி. “யாரும் அவர்கிட்ட ஜோக் சொல்லாதீங்க. சிரிச்சா லோடு ஏறும்.”

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்தது என்று தெரியவில்லை. வீட்டில் இத்தனை மாதம் அடக்கி வைத்தது எல்லாம் அந்தப் பாறைமேல் வெடித்தது.

“யோவ், ஊட்லதான் என்ன பொம்ம மாதிரி வச்சிக்கினு பேஜார் பண்றாங்கன்னு இங்க வந்தா, நீயும் இன்னாய்யா? நான் இன்னா செத்தா போய்ட்டேன்?”

ஹெல்மெட்டைக் கழற்றி அவர் கையில் திணித்துவிட்டு ஏறினேன். பின்னால் விசில் கேட்டது. திரும்பவில்லை. அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே ஏறினேன். திட்ட வேண்டியது நிறைய இருந்ததால் பாதை எப்படிப்பட்டது என்று பார்க்கவே இல்லை. ஓடைக்குப் பக்கத்தில் கறுப்பாக, சரிவாக ஒரு பெரும் பாறை வந்தது. கால் வைக்க அங்கங்கே குழிகள். ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம், கீழே தண்ணீர். கையும் காலுமாகத் தொற்றி ஏறி மேலே போய் நின்ற பிறகுதான் எங்கே ஏறி வந்திருக்கிறேன் என்ற நினைவே எனக்கு வந்தது.

எதிரே குளம். பச்சைக் கண்ணாடிபோல் அசையாமல் கிடந்தது. காற்று முகத்தில் அடித்தது. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். வேகமாகத்தான் அடித்தது. ஆனால் வலி இல்லை, அழுத்தம் இல்லை. மலையேறியவன் நெஞ்சு எப்படி அடிக்குமோ அப்படி அடித்தது. சத்தமாகச் சிரித்தேன். லோடு ஒன்றும் ஏறவில்லை.

அப்போது கீழேயிருந்து விசில். வழக்கமான அதட்டல் விசில் இல்லை. மெலிசாக, காற்றுப் போகிற மாதிரி ஒன்று.

எட்டிப் பார்த்தேன். சரிவுப் பாறையின் நட்டநடுவில் சேஃப்டி பல்லிபோல ஒட்டிக்கொண்டிருந்தார். கண்கள் இறுக மூடியிருந்தன.

“சேஃப்டி! இன்னாச்சு? மாட்டிக்கினியா?”

“மாட்டிக்கல” என்றார், கண்ணைத் திறக்காமல். “ஹோல்ட்ல வச்சிருக்கேன்.”

“எத?”

“வேலைய.”

கீழே நின்ற பையன்கள் சிரித்தார்கள். கண்ணாடிப் பெண் மட்டும், “டேய், சும்மா இருங்கடா. அவரு காலப் பாருங்க” என்றாள். முழங்கால்கள் இரண்டும் தையல் மெஷின்போல ஆடிக்கொண்டிருந்தன.

இத்தனை வருஷத்தில் அவர் ஏணியில் ஏறி நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கூரை வேலை நடந்தால் தரையில் நின்று கத்துவார். அதிகாரம் என்று நினைத்திருந்தோம்.

இறங்கி அவர் பக்கத்தில் போய்ப் பாறையில் உட்கார்ந்தேன். ஒரு கை பாறையைப் பிடித்திருந்தது. இன்னொரு கை சட்டைப் பையை அழுத்தியிருந்தது.

“உசரம்னா பயமாய்யா ஒனக்கு?”

“பயம்லாம் இல்ல. ஒடம்புக்கு ஒத்துக்காது.”

“அப்புறம் இன்னாத்துக்குய்யா வந்த?”

கன்னத்தைப் பாறையில் இன்னும் அழுத்திக்கொண்டார். பிறகு சொன்னார். “நீ கேட்ட. எல்லாரும் சாம்பார பாத்துக்கினு இருந்தானுங்க. ஒன் மூஞ்சி நல்லா இல்ல.”

“சரி. கீழயே நிக்க வேண்டியதுதான? இங்க ஏன் ஏறின?”

“நீ கோச்சிக்கினு ஓடிட்ட. மாத்திர என்கிட்ட கீது. மேல போய் ஒனக்கு எதாவது ஆச்சின்னா?” என்றார். கண்ணை இன்னும் திறக்கவில்லை. “மாத்திர பத்திரமா இருக்கு, பாத்துக்க.”

கை நீட்டி அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். “நான் நல்லாக்கீறேன்யா. ஒண்ணுமே ஆவல. கண்ணத் தொற.”

“தொறக்கறதுக்கு பெர்மிட் இல்ல” என்றார்.

கீழே இறங்குவதுதான் கிட்ட. ஆனால் இறங்க வேண்டுமென்றால் கீழே பார்க்க வேண்டும். அதனால் மேலே கொண்டுபோவது என்று முடிவாயிற்று. அவர் பையிலிருந்த கயிற்றை எடுத்து அவர் இடுப்பிலேயே கட்டினோம். மாணவர்கள் மேலே போய்க் கயிற்றைப் பிடித்தார்கள். நான் கீழே நின்று அவர் கால்களை ஒவ்வொன்றாக எடுத்துக் குழிகளில் வைத்தேன். இந்த மீட்புப் பணிக்குத் தலைமை வகித்தவர் யார் என்கிறீர்கள்? அவரேதான். கண்ணை மூடியபடியே உத்தரவு போட்டார்.

“ஒரு விசில்னா நிறுத்தணும். ரெண்டு விசில்னா இழுக்கணும். புரியுதா?”

“புரியுது அங்கிள்!”

ஆனால் முதல் காலைத் தூக்கியதுமே பயத்தில் விசிலைக் கடித்துக்கொண்டு இடைவிடாமல் ஊத ஆரம்பித்துவிட்டார். ரயில் போகிற மாதிரி ஒரே விசில். மேலே நீள முடிக்காரன் பதறினான். “ஒண்ணா ரெண்டான்னே தெரியலயே அங்கிள்!” கண்ணாடிப் பெண், “எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா ரெண்டுக்கு மேலதான் வரும், இழுங்கடா” என்றாள். இழுத்தார்கள். மஞ்சள் ஹெல்மெட் கழன்று பாறையில் தட்டித் தட்டி உருண்டு, பள்ளத்துத் தண்ணீரில் விழுந்து மிதந்துகொண்டே போனது. அவர் மேலே வந்து சேர்ந்தார்.

சற்று நேரம் தரையைக் கட்டிக்கொண்டு கிடந்தார். எழுந்து ஜாக்கெட்டைத் தட்டிவிட்டார். எங்களை எண்ணினார். எண்ணிக்கை சரியாக இருந்தது.

“நல்ல டிரில்” என்றார். “ஆனா கயிறு இழுத்தவன் நிக்கிற முறை தப்பு.”

குளத்தங்கரையில் அவர் வீட்டுப் புளியோதரையை எல்லாரும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். காலைத் தண்ணீரில் விட்டபோது சின்னச் சின்ன மீன்கள் வந்து கடித்தன. சேஃப்டிக்குக் கூச்சம் தாங்கவில்லை. கெக்கெக்கே என்று சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார். அவர் சிரித்துக் கம்பெனியில் யாரும் பார்த்ததில்லை என்பதால் நான் கொஞ்சம் பயந்துவிட்டேன். நீந்தத் தெரியாத யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது என்றார். தனக்கு நீந்தத் தெரியுமா என்ற கேள்வியைக் கடைசியில் கேட்கச் சொன்னார்.

அப்போது மூச்சிரைக்க ஓடி வந்தார் வனக்காவலர். “சார்! கன்டினியுசா விசில் சத்தம் கேட்டுதே. இன்னா ஆச்சு சார்?”

அவர் வந்தது பாறை வழியாக இல்லை. குளத்துக்குப் பின்னால் இருந்த புதர்ப்பக்கத்திலிருந்து, நடுவில் பசுமாடு ஒன்றை விலக்கிவிட்டு வந்தார்.

“அந்தப் பக்கம் வழி இருக்கா?” என்று கேட்டேன்.

“இருக்குதே சார். நல்ல ரூட்டு. மாடுங்க தெனமும் தண்ணி குடிக்க வர்ற ரூட்டு. நீங்க ஏன் பாறை மேல ஏறினீங்க?”

அவருக்குப் பின்னால் மாடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. எல்லாரும் சேஃப்டியைப் பார்த்தோம். அவர் மீசையைத் தடவினார்.

“தெரியும்” என்றார். “பாறை ஸ்ட்ராங்கா கீதான்னு செக் பண்ணோம்.”

“எப்டி சார் கீது?”

“பரவால்ல.”

வனக்காவலர் சல்யூட் அடித்தார். மாட்டுப் பாதையில் மாடுகளுக்குப் பின்னால் வரிசையாக இறங்கினோம்.

சாயங்காலம் வீட்டு வாசலில் விஜயா காத்திருந்தாள். சேஃப்டி மாத்திரை அட்டையை எடுத்து அவளிடம் கொடுத்தார். ஒன்றுகூடக் குறையவில்லை.

“ஒரு இன்சிடென்டும் இல்லம்மா. உன் வூட்டுக்காரு நல்லா ஏறினாரு. இனிமே குடம் தூக்கலாம், மாடி ஏறலாம். நான் பாத்துட்டேன், நான் சொல்றேன்.”

டாக்டர் சொல்லி நம்பாதவள் அவர் சொன்னதும் தலையாட்டினாள். காபி குடிக்கச் சொன்னாள். வேண்டாம் என்று கும்பிட்டபடியே பின்னால் நகர்ந்தார். ஒரு படி, இரண்டு படி, கேட் வரை பின்பக்கமாகவே நடந்தார். வண்டியிலும் அப்படியே பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்து கிளம்பினார்.

“எவ்ளோ மரியாத பாருங்க அந்த அண்ணனுக்கு! முதுகக்கூட காட்டாம போறாரு” என்று விஜயா உருகினாள்.

பாறை அவருடைய பேன்ட்டின் பின்பக்கத்தை என்ன செய்திருந்தது என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

மறுநாள் ஸ்டேஷன் மேம்பாலத்தில் நிற்காமல் ஏறினேன். கம்பெனியில் பாறை பற்றி வாய் திறக்கவில்லை. மாணவர்கள் எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. குளத்தில் காலை விட்டபடி வாய்விட்டுச் சிரிக்கும் சேஃப்டி. யாருக்கும் காட்டியதில்லை.

இப்போது அவர் இங்கே இல்லை. ஆந்திர எல்லை தாண்டிப் புதிதாகத் திறந்த ஒரு தொழிற்சாலைக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டார். எங்கள் கேண்டீனில் வாழைப்பழத்தை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் சாப்பிடுகிறார்கள். யாரும் கேட்பதில்லை.

போன வாரம் போன் செய்தார். வீட்டில் கேஸை மூடிவிட்டேனா, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேனா என்று விசாரித்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“இங்க ஒரு மல கீதுப்பா. அத விட உசரம். போர்டு, படி எல்லாம் நல்லா போட்டிருக்கான்னு விசாரிச்சிட்டேன். ஒண்ணும் பிரச்சன இல்ல. ஞாயித்துக்கிழம வரியா?”

குரல் லேசாக நடுங்கியது. வருகிறேன் என்று நான் உடனே சொல்லவில்லை. அவர் இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருக்கட்டும் என்று இருந்தது.